வெறும் டப்பாவிலிருந்து சாப்பிடும் பிள்ளைகள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பள்ளிக்கு எதிர் வீட்டு மாடி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: சாப்பாட்டு டப்பாக்களைப் பள்ளி வாசலில் முகர்ந்து பார்க்கும் விதியை நீக்கவும், அதனால் மெலிந்துவரும் ஒரு மாணவியைக் காப்பாற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைப் பாதியில் மூடிவைக்காமல் கடைசிவரை படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பாதியில் நிறுத்தினால் நான் மிகைப்படுத்துவதாகவே தோன்றும்.

1. இப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக இப்போதும் வந்துபோகிறேன். பிறருக்கு ஒவ்வாத வாடையுள்ள உணவு கூடாது, டப்பா இல்லாமலும் வரக்கூடாது என்று இவ்வாண்டு ஒரு விதி போட்டார்கள். வாசலில் நிற்கும் ஆயாம்மா ஒவ்வொரு மூடியையும் நூலளவு தூக்கி முகர்கிறார். உள்ளே பார்ப்பதில்லை. பார்க்கும்படி அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

2. எல்லா வாடையும் அவருக்கு வாடை அல்ல. காரில் வரும் ஒரு பையனின் டப்பாவில் பழைய சீஸ் இருந்தது. ஈரக் காலுறையின் நெடி எனக்கே அடித்தது. கேட்டேன். "அது பாக்கெட்ல வந்ததும்மா, நாறாது" என்றார். அடுத்து நின்ற சிறுமியிடம், "மூடு மூடு, தெருவே ஓடிப் போயிரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

3. அச்சிறுமி, மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்து சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகள். அவர்கள் சோற்றோடு சாப்பிடுவது புளிக்கவைத்த பயறு. வகுப்பில் சொல்வதுபோல ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இருவர் ஒரே கடைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளக்காரர் நாக்கு கேட்பதை வாங்குவார். நாள்கூலிக்காரர் மறுநாளும் கெடாததை, மாலைவரை வயிற்றில் நிற்பதை வாங்குவார். குளிரில் விறகுக்கும் வழியில்லாத ஊரில் அந்தப் பயறுதான் அவர்களின் முன்னோரைக் காப்பாற்றியது. அதன் வாடை அவர்களுக்கு வீட்டு வாடை.

4. மூன்றாம் முறை திருப்பி அனுப்பியபின் அந்தத் தாய் ஒரு வழி கண்டார். வாடையில்லாத ரொட்டியோ வேறு கறியோ வாங்க வசதியில்லை. டப்பாவை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, வெறுமனே மூடி அனுப்பினார். அவர் என்னிடம் கூறியதை அப்படியே தருகிறேன்: "தொறந்து வச்சுக்கிட்டு எல்லாரும் சாப்பிடற மாதிரி நீயும் வாய்க்குக் கையக் கொண்டுபோன்னு சொன்னேன் டீச்சர். சாயங்காலம் வந்ததும் சூடாப் போட்டுரலாம்னு நெனச்சேன். படிப்பு நிக்கக்கூடாதுல்ல."

5. ஆயாம்மா முகர்ந்து, "இதுதான்டி டப்பா, இப்படிக் கொண்டு வரணும்" என்று கன்னத்தைத் தட்டினார். அந்த வாரமே சுத்தமான டப்பாவுக்கான நட்சத்திரத்தைத் தலைமையாசிரியர் அவள் சட்டையில் குத்தினார். அதைப் பார்த்து, கறிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மீன் கூடை தூக்குபவரின் பிள்ளைகளும் டப்பாவைக் கழுவி வெறுமனே கொண்டுவரத் தொடங்கினர்.

6. தற்போது சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் இல்லை, மணம் இல்லை. பிள்ளைகள் வெறும் டப்பாவில் விரல்களைக் குவித்து, பிசைந்து, உருட்டி, வாயில் வைத்து மெல்லுகிறார்கள். தொண்டை ஏறி இறங்குகிறது. ஒருவனுக்குப் புரையேறியது; பக்கத்தில் இருந்தவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். சீஸ் கொண்டுவந்த பையன் சென்ற வாரம் தன் டப்பாவைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு அச்சிறுமியிடம் கையை நீட்டி, "எனக்குக் கொஞ்சம் குடு, உன்னுதுதான் நல்லாருக்கு" என்றான். அவள் தன்னுடையதில் பாதியைக் கொடுத்தாள். இருவரும் சாப்பிட்டு விரலைச் சூப்பினார்கள். மேற்பார்வை ஆசிரியர் என்னிடம், "பாத்தீங்களா டீச்சர், ஒரு பருக்கை சிந்தல" என்று பெருமைப்பட்டார்.

7. இது விளையாட்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். அச்சிறுமியின் வீட்டுக்குப் போன பிறகு அவ்வாறு எண்ண முடியவில்லை. ஒற்றை அறை, கொடி நிறைய பிறர் வீட்டுப் படுக்கை விரிப்புகள். தாய் ஆவி பறக்கச் சோறும் பயறும் வைத்தார். மகள் தட்டை மெல்ல ஒதுக்கிவிட்டு, தட்டு இருந்த வெறுந்தரையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். "சோறு நாறுதும்மா" என்றாள். கோபமில்லை, பிடிவாதமில்லை, நிறைந்த வயிற்றோடு சொன்னாள். தாய் என் முகத்தைப் பார்த்து, "அடிச்சும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். வாயில ஊட்டினா துப்புறா" என்று அழுதார். சிறுமி இப்போது சுவரைப் பிடித்துத்தான் படியேறுகிறாள். மருத்துவரிடம் பசியே இல்லை என்கிறாளாம்.

ஆகவே, அவ்விதியை உடனே நீக்கவும், டப்பாக்களைத் திறந்து கண்ணால் பார்க்கச் செய்யவும், அச்சிறுமிக்குத் தக்க சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன். விதியை நீக்குவதை அவள் முன்னிலையில் செய்ய வேண்டும். அவள் தாயையும் அழைத்து, அந்தப் பயறும் சோறும் கூடத்தின் நடுவே வைத்து, பெரியவர்களாகிய நாம் முதலில் சாப்பிட வேண்டும். சாப்பாட்டின் மீது ஒரு பிள்ளைக்கு ஏற்படுத்திய அருவருப்பை உத்தரவுத் தாளால் மட்டும் போக்க முடியாது.

தாமதிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. நேற்று மதியம் கூடத்தில் அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். "நீங்க சாப்பிடலையா டீச்சர்" என்று கேட்டு, ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மனம் நோகக்கூடாதே என்று வாயில் போட்டு மென்றேன். இதமான சூடாக இருந்தது. நேற்று இரவு எனக்குப் பசிக்கவில்லை. இன்று காலையும் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்துப் பால்காரர் வீட்டிலிருந்து வரும் தாளிப்பு மணம், நான் என்றும் விரும்பியது, இன்று குமட்டியது.

தாங்கள் வரும்போது தங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். அவள் அன்பாகத்தான் கொடுப்பாள். வாங்கிக்கொள்ள வேண்டாம்.

நாள்: வெள்ளிக்கிழமை, மதிய உணவு மணிக்குப் பின்
இடம்: சாப்பாட்டுக் கூடம்

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை