தியாமிகேவின் தாமதம்

நவம்பர் 18
முதல் மழை. எங்கள் கசுங்கு வட்டாரம் முழுக்க ஜனங்கள் விதைக்க ஓடுகிறார்கள். நான் விவசாயப் பயிற்சிப் பள்ளியின் கரும்பலகையில் மக்காச்சோளம் விதைக்கும் முறையைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்து இருபது நிமிடம் கழித்து மாணவி தியாமிகே வந்தாள். தாமதமாக வந்தால் மண்வெட்டியோடு பள்ளியின் பின்வயலுக்குப் போவது தண்டனை. போனாள்.

நவம்பர் 27
மறுபடியும் தாமதம். மறுபடியும் வயல்.

டிசம்பர் 4
இன்றும் தாமதம். அவள் வீடு பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறதாம்! திட்டினேன். தலையைக் குனிந்து நின்றாள். சிரித்தாளா? எனக்குத்தான் பிரமையா?
முதல்வர் ங்கோமா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் மூணு தடவை லேட்டா வந்தா பேரை அடிச்சிடுங்க, டீச்சர்."

டிசம்பர் 16
போன வருடம் முதல் மதிப்பெண் வாங்கிய லிம்பானியின் நிலத்துக்குப் போனேன். ஒரு குழிக்கு ஒரு விதை என்று தொண்டை வற்றக் கற்றுக்கொடுத்தேன். அவன் மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறான்.
"எழுதச் சொன்னீங்க, எழுதினேன். நோட்டு வேணா காட்டட்டுமா மேடம்?"
சீமா, அதுதான் மக்காச்சோளக் களி, தின்னச் சொன்னான். தின்னாமல் கிளம்பிவிட்டேன். ஆறு வருடமாக நான் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன்?

ஜனவரி 9
தியாமிகேவுக்கு இன்னும் ஒரே ஒரு தாமதம்தான் பாக்கி. மனது கேட்காமல் பின்வயலுக்குப் போனேன். இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.
இடுப்பளவு மக்காச்சோளம். நேர்வரிசை. குழிக்கு ஒரே செடி. நான் பலகையில் போட்ட படம் அப்படியே மண்ணில்.
"வகுப்புலயே இல்லாம இதெல்லாம் எப்படிடி?"
"உங்க குரல் ஜன்னல் தாண்டி நல்லாவே கேக்கும் மேடம்."
"அப்புறம் நேரத்துக்கு வர்றதுக்கு என்ன கேடு?"
"நேரத்துக்கு வந்தா பெஞ்சுல உக்கார வெச்சிடுவீங்களே. எங்களுக்கு நிலம் கிடையாது. லேட்டா வந்தாத்தானே மண்வெட்டிய கையில தர்றீங்க?"
அவளைப் போயா பள்ளியை விட்டு அனுப்பப் போகிறேன்? விதி இருக்கிறதே. யார் செய்தது தப்பு?

ஜனவரி 12
மணி அடித்ததும் மொத்த வகுப்பையும் பின்வயலுக்குக் கூட்டிப்போனேன். முதல்வரிடம் கேட்கவில்லை. பயமாகத்தான் இருந்தது.
இருபது நிமிடம் கழித்து வந்த தியாமிகே திருதிருவென்று விழித்தாள். "நான் எங்க போறது மேடம்?"
"லேட்டா வந்தவங்க வகுப்புல போய் பெஞ்சுல உக்காரணும்."
தாமதப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதவில்லை. செய்தது சரியா? தெரியவில்லை.

ஜனவரி 13
மணி அடிக்க நான் போனபோது, மண்வெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள்.