பள்ளிக்கூடத்துக் கிணறு கறுத்த நாள்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை மருமகள் ஆம்லெட் போட உடைத்த முட்டை அழுகிப்போயிருந்தது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். நான் மட்டும் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "ஏனுங் அத்தை, இதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றாள் அவள். அந்த நாற்றம் உங்களை நேரே என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்று சொன்னால் அவளுக்கு எப்படிப் புரியும்? நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. உங்கள் வீட்டு வாசலில் அன்றைக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் எனக்கு வாய் எழவில்லை. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி ஊரைத் தாண்டி இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் நீங்கள் அறிவியல், நான் தமிழ். ஏழாம் வகுப்பில் நீர் மாசுபாடு என்று ஒரு பாடம் இருந்தது. மாசு எத்தனை வகை, அதனால் வரும் நோய்கள் எவை, அவ்வளவுதான். வருஷா வருஷம் பிள்ளைகள் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த வருஷம் ஆசிரியர் அறையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "புள்ளைக தெனமும் தாண்டி வர்ற பள்ளத்துல ஒரு நாளைக்குச் செகப்பாத் தண்ணி ஓடுது, மறுநாளைக்கு நீலமா ஓடுது. அத உட்டுப்போட்டு இத ஒப்பிக்கச் சொல்றனுங்களே டீச்சர், எனக்கே வெக்கமா இருக்குதுங்."

பள்ளம் என்று நாம் சொல்லும் அந்த ஓடையின் மேல்பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதன் முதலாளியின் மகனும் நம் ஏழாம் வகுப்பில்தான் படித்தான்.

அடுத்த நாளே ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய் நின்றீர்கள். "ஊர்த் தண்ணியப் புள்ளைகளே சோதிச்சுப் பாக்கட்டுமுங், உங்க பீரியடுல கொஞ்சம் குடுங்க" என்று கடன் கேட்பவர் மாதிரி கேட்டீர்கள். கணக்கு சார் முதலில் சிலபஸ் முடியாது என்றார். "உங்க வரைபடத்துக்கு நெசமான கணக்கு நான் கொண்டாந்து தாரேனுங் சார்" என்றதும் இறங்கி வந்தார். சமூக அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் ஊரின் கிணறுகளையும் குழாய்களையும் வரைபடமாக்கினார்கள். தையல் டீச்சர் வெள்ளைத் துணியைத் துண்டு துண்டாகக் கத்தரித்துக் கொடுத்தார். எனக்கு நீங்கள் ஒதுக்கியது, ஊர்க்காரர்களிடம் பேட்டி எடுக்கவும், கடைசியில் சாயப்பட்டறை முதலாளிக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதவும் பழக்குவது.

துணியைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் சாயம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அழுக்குக்கு என்ன செய்வது? உங்களோடு கல்லூரியில் படித்த ஒருவர் ஆய்வுக்கூடத்தில் வேலையாக இருந்தார். அவரிடம் கேட்டு, மருந்து தடவிய காகிதம் போட்ட சின்னப் பாட்டில்கள் வாங்கி வந்தீர்கள். தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் போதும். கழிவுக் கிருமி கலந்த தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும், திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும்.

பிள்ளைகள் ஊர் முழுக்க அலைந்தார்கள். இவ்வளவு சுறுசுறுப்பாக அவர்களை நான் பார்த்ததே இல்லை. செல்வி என்றொரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், வீடு வீடாகப் போய், "ஏனுங்கக்கா, இந்தக் கெணத்துத் தண்ணி முன்னால எப்புடிங்க இருந்துச்சு?" என்று கேட்டு வந்தாள். எல்லாம் சேர்ந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தண்ணீர் வேண்டும் என்று நீங்களே நம் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தீர்கள்.

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தோம். எல்லாவற்றையும்விட மையாய்க் கறுத்து நின்றது நம் பள்ளியின் பாட்டில்.

அந்தக் கிணற்றில் முக்கிய துணி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. தண்ணீரும் பார்க்கக் கண்ணாடிதான். நீங்கள் மூடியைத் திறந்தீர்கள். நாற்றம் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று. பிள்ளைகள் அடிக்கடி வயிற்றால் போகிறது என்று லீவு போடும்போதெல்லாம் பள்ளி வாசலில் ஐஸ் விற்கிறவரைத்தான் நாம் திட்டிக்கொண்டிருந்தோம். கிணற்றுக்குப் பின்னாலேயே கழிப்பறைத் தொட்டி இருப்பதை யாரும் யோசித்ததில்லை.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. கேட்டவுடன் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டார், லாரித் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்தார். ஆனால் அந்த வாரம்தான் பிள்ளைகள் சேகரித்ததையெல்லாம் வைக்கும் கண்காட்சி. தாளாளரும் பெற்றோரும் வருவார்கள்.

"அந்த ஒரு பாட்டில மட்டும் எடுத்துருங் டீச்சர். ஸ்கூல் பேரு என்னாகறதுங்?" என்றார் அவர்.

நான் தலையாட்டியிருப்பேன். நீங்கள் ஆட்டவில்லை. "எடுத்தர்றனுங் சார். ஆனா ஏன் எடுக்கறோம்னு ஏழாங்கிளாஸ்ல வந்து நீங்களே சொல்லிப்போடுங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

அவரும் வந்தார், நீங்களும் கூடவே வந்தீர்கள். அது என் பீரியடு. கரும்பலகையில் கோரிக்கைக் கடிதம் பாதி எழுதியிருந்தது. பெறுநர், சாயப்பட்டறை உரிமையாளர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் கிணற்றுப் பிரச்சினையை நாமே பார்த்துக்கொள்வோம், வெளியே சொல்ல வேண்டியதில்லை என்று ஆரம்பித்தார். செல்வி எழுந்து நின்றாள்.

"சார், அனுப்புநர்னு போட்டு நம்ம ஸ்கூல் பேரத்தானுங்களே எழுதோணும்?"

"ஆமா கண்ணு."

"அப்ப அவங்க, 'மொதல்ல உங்க கெணத்தப் பாருங்க'ன்னு சொன்னா என்னங் சார் சொல்றது?"

அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்; சேலைத் தலைப்பை உங்கள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. கடைசியில் அவர், "நடு மேசையில வைங்க. பெரிய எழுத்துல எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாசல்படி தாண்டுவதற்குள் வகுப்பு கைதட்ட ஆரம்பித்துவிட்டது.

கண்காட்சிக்கு சாயப்பட்டறை முதலாளி சண்டைக்கென்றே வந்தார். மகன் எல்லாவற்றையும் வீட்டில் சொல்லியிருந்தான். "எங்க பட்டறையப் பத்தி எழுதி வெச்சிருக்கீங்களாமா?" என்று வாசலிலேயே குரலை உயர்த்தினார். அவர் மகன்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். நடு மேசையில் கறுத்த பாட்டில், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் நம் பள்ளியின் பெயர். அவருடைய பட்டறைக்குக் கீழே முக்கிய சிவப்புத் துணி அதற்கு அடுத்த மேசையில். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்குளுதையே வெச்சிருக்கீங்களாங்க?"

"எங்குளுதுதானுங்க மொதல்ல" என்றீர்கள் நீங்கள்.

அதற்குப் பிறகு அவர் குரல் உயரவில்லை. பிள்ளைகள் கொடுத்த கடிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரே நாளில் அவர் மாறிவிடவில்லைதான். அதற்குப் பிறகும் சில நாள் பள்ளத்தில் சிவப்பு ஓடியது. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் பட்டறைக்குப் பின்னால் தொட்டி கட்ட ஆரம்பித்தார். அந்தத் தொட்டியை அளக்க கணக்கு சார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். கொள்ளளவுப் பாடத்தை அங்கேயே நடத்தி முடித்தார்.

தாளாளர் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. நம் வேலைக்கே உலை வைத்துவிட்டோமோ என்று நான் பயந்தேன். மறுவாரம் மேஸ்திரி வந்து கழிப்பறைத் தொட்டியை இடித்தார். மைதானத்தின் கடைசி மூலையில் புதுசு கட்டினார்கள். கிணற்றை இறைத்து, தூர்வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வாசமெல்லாம் அடங்கி ஊற்று புதுத் தண்ணீர் கொடுத்த பிறகு, செல்வியே பாட்டிலில் பிடித்தாள். அதை நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். யார் கேட்டும் தரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலைப் பிரார்த்தனை. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்குக்கூட விஷயம் தெரியும். நீங்கள் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு படியேறி வந்தீர்கள். வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடித்தீர்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

வகுப்பில்கூடக் குரலை உயர்த்தாத நீங்கள், தலைமை ஆசிரியர், தாளாளர் எல்லோரையும் மறந்து, "பாஸாயிட்டோமுங்க!" என்று கத்தினீர்கள். மைதானமே திருப்பிக் கத்தியது. கணக்கு சார் விசிலடித்தார் என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு ஏழாம் வகுப்புக்கும் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். அனுப்புநர் என்று எழுதியதும் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பேருக்கு இதைக் கேட்கத் தகுதி இருக்கா?" என்று கேட்பேன். இல்லையென்றால், அதை உண்டாக்கிக்கொண்டு வந்து எழுதலாம் என்பேன். சோர்ந்துபோன நாளெல்லாம் உங்களுடைய அந்தக் கத்தல்தான் எனக்குக் கேட்டது. முறைப்படி மார்க் போட யாரும் இல்லாத பரீட்சை அது. ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் சேர்ந்து எழுதியது, சேர்ந்து தேறியது. அந்த வரிசையில் நானும் நின்றேன், டீச்சர்.

உங்கள்,
தமிழ் டீச்சர்