படுக்கையைத் தின்ற விருந்துக்கோழிகள்

மழை மாதம் தப்பாமல் பெய்க. ஏரி கரை உடையாமல் நிறைக. எல்லைக்கல் நட்ட இடத்திலேயே நிற்க.

கருமலைநாடு ஆள்பவரும், மலைக்குதிரைப் படைக்குத் தலைவியும், பகைத்தோர்க்கு இடியும் அடுத்தோர்க்கு நிழலுமாகிய வெண்கோதை நாச்சியாரின் திருமுன்புக்கு, நெல்வாய்நாட்டு மன்னனும், கோட்டேரியின் கீழ்கரை முழுமைக்கும் மேல்கரையில் இன்னும் வழக்குத் தீராத சில புன்செய்களுக்கும் உரியோனுமாகிய வலம்புரிவேள் கைகூப்பி விடுக்கும் ஓலை. தங்கள் தினைப்புனங்கள் நலமா, தங்கள் யானைகள் நலமா, தங்கள் முழங்கால் வலி தணிந்ததா என்று நெல்வாய்நாடு வினவுகிறது. இங்கே நாமும் நம் குடிகளும் நலம். தாங்கள் அனுப்பிய கோழிகள் நலமா என்பதை மட்டும் ஒரு சொல்லில் எழுத இயலவில்லை. இவ்வோலை நீண்டதற்கு அதுவே காரணம்.

கோட்டேரித் தண்ணீருக்காக நம் பாட்டன்மார் மூட்டிய போரைச் சென்ற தையில் நாம் இருவரும் முடித்துக்கொண்டோம். அதற்கு அடையாளமாக நாம் ஒரு பசுவையும் கன்றையும் அளித்தோம். தாங்கள் அரண்மனைக் கொல்லையில் தங்கள் கையாலேயே தீனி போட்டு வளர்த்த கோழிகளை அளித்தீர்கள். உயிருள்ள பரிசுக்கு உயிருள்ள பிணை வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கு. அடுத்த தைக்குள் பரிசுக்குச் சாவோ அவமதிப்போ நேர்ந்தால் பிணை நின்றவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு நாடு நீங்க வேண்டும், உடன்படிக்கையும் முறியும். பரிசு கொடுத்தவர் மனமிரங்கி மன்னித்தால் மட்டுமே இரண்டும் தப்பும். தங்கள் கோழிகளுக்குப் பிணை நின்றவர் நம் தலைமை அமைச்சர் விழுப்பரையர்.

அவரை உடன்படிக்கை நாளில் தாங்கள் கண்டிருக்கிறீர்கள். ஓர் எழுத்து எழுதுமுன் எழுத்தாணியை மும்முறை துடைத்தவர் அவரே. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். அந்தக் குணத்தாலேயே நம் நாடு பிழைத்தது. அந்தக் குணத்தாலேயே இப்போது வம்பிலும் மாட்டிக்கொண்டது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று உலகமெல்லாம் சொல்லும். நெல்வாய்நாட்டில் மருந்துக்குத்தான் கணக்கு, விருந்துக்கு இல்லை. விருந்தாக வந்தவர் கால் நம் மண்ணில் படலாகாது என்பது இங்கே வழிவழி வந்த முறை. பாயிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து பல்லக்குக்குமாக அவரைத் தாங்கித் தாங்கியே வைத்திருப்போம். கோழியும் விருந்துதானே என்று விழுப்பரையர் கேட்டார், அவையும் ஆம் என்றது. அன்றே சந்தனப்பலகையில் ஒரு கூண்டு எழுந்தது. ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பெரியது. தரை மண்ணைத் தொடாமல் முழங்கால் உயரத்தில் நின்றது. நாள்தோறும் புது வைக்கோல் விரித்தார்கள். கல்லும் உமியும் ஒன்றுகூட இல்லாதபடி நான்கு பெண்கள் அரிசி பொறுக்க, நெய்ச்சோறு வெள்ளித்தட்டில் போயிற்று. கீரை ஏதும் கிள்ளிப் போடலாமா என்று சமையற்கட்டில் கேட்டதற்கு, வழியில் முளைத்ததை விருந்தினர்க்கு இடுவதா என்று அமைச்சர் சினந்துகொண்டாராம்.

கோழிகள் ஒரு திங்கள் இதைப் பொறுத்தன. பிறகு படுக்கையைத் தின்னத் தொடங்கின.

காலையில் விரித்த வைக்கோல் மாலையில் பாதியாக இருந்தது. வேப்பெண்ணெய் தெளித்தார்கள், எண்ணெயோடு தின்றன. வைக்கோலை எடுத்துவிட்டுத் தருப்பை விரித்தார்கள். அதையும் மந்திரம் ஏதும் சொல்லாமல் தின்றன. பசியாக்கும் என்று நெய்ச்சோற்றை இரட்டித்தார்கள். சோறு கிடந்தபடி கிடந்தது, படுக்கைதான் குறைந்தது. விழுப்பரையருக்கு உறக்கம் போயிற்று. அரண்மனைக்குள் எங்கே ஒரு கோழி கொக்கரித்தாலும் எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பிணை நிற்கும் வரை கம்பீரமாக நடந்தவர், தம் தலைப்பாகையும் நாட்டின் அமைதியும் ஒரு கூண்டுக்குள் அடைபட்டிருப்பதை எண்ணி எண்ணி இளைத்துப் போனார்.

வைகாசியில் கெட்ட செய்தி வந்தது. தாங்கள் மடியில் வைத்துக் கொஞ்சுவீர்கள் என்று தங்கள் தூதர் சொன்ன கருங்கால் பேடை சோர்ந்து மூலையில் ஒடுங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே அதன் இரைப்பை உருண்டு திரண்டு கல்லாக நின்றது. தின்ற வைக்கோல் சிக்குண்டு, மேலும் போகாமல் கீழும் இறங்காமல் அடைத்துக்கொண்டிருந்தது. நம் சேனைத்தலைவர் கங்கணராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல் அவையில் எழுந்தார். படுத்த பாயைத் தின்னும் விருந்து நாளை இருக்கும் வீட்டையும் தின்னும் என்றும், கோழிக்கு ஏவல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதை இப்பறவைகளுக்குக் கருமலையில் கற்பித்திருக்கிறார்கள் என்றும் உரைத்தார். அதோடு நில்லாமல் போர்முரசின் தோலை வெயிலில் காயவைக்கவும் சொல்லிவிட்டார். நாச்சியார் சினம் கொள்ள வேண்டா. அந்த வேளையில் நாமும் அவரைத் தடுக்கவில்லை என்பதை மறைப்பது அழகாகாது.

ஏவல் என்றால் ஏவுபவன் ஒருவன் இருப்பான், அவனை நானே பிடிக்கிறேன் என்று விழுப்பரையர் புறப்பட்டார். விடிந்ததும் கூண்டுக்குள் நுழைந்து, காவலன் காடனை வெளியே தாழிடச் சொல்லி, வைக்கோல் மேல் சம்மணமிட்டு அமர்ந்தார். கோழிகள் அவரைப் பார்த்தன. அவர் கோழிகளைப் பார்த்தார். ஒருவனும் வரவில்லை. வெயில் ஏறிற்று. எழுந்து நிற்கக் கூரை இடங்கொடுக்கவில்லை. காலை நீட்டினால் வெள்ளித்தட்டு இடித்தது. நெய்ச்சோற்றின் மணம் அவருக்கே திகட்டியது. உச்சிப்பொழுது கடந்ததும் காடன் மூச்சிரைக்க நம்மிடம் ஓடி வந்தான். அவன் சொன்னதை அவன் வாய்மொழி மாறாமல் எழுதச் சொல்கிறோம்: "சாமி, ஏவல் அய்யாவையும் புடிச்சிருச்சு. அவரும் வைக்கோல் திங்கிறாரு."

நாமே சென்று கண்டோம். நெல்வாய்நாட்டின் தலைமை அமைச்சர் வாயில் நீளமாக ஒரு வைக்கோல் இருந்தது. அதன் மறுமுனை மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐயா, இது என்ன என்று கேட்டோம். அவர் வைக்கோலை எடுத்துப் பார்த்தார். அது எப்போது தம் வாய்க்குள் போயிற்று என்று தமக்கே தெரியாது என்றார். பிறகு, இங்கே செய்வதற்கு வேறென்ன இருக்கிறது மன்னா என்றார்.

சொன்ன வாயை அவர் மூடவில்லை. தாம் சொன்னது தமக்கே உறைத்ததை நாம் அவர் முகத்தில் கண்டோம். கிளறுவதற்கு மண் இல்லை, கொத்துவதற்குப் புல் இல்லை, தின்றதை அரைப்பதற்கு ஒரு பொடிக்கல்கூட இல்லை. நாளெல்லாம் குப்பையைக் கிளறப் பிறந்த பறவையைக் கூண்டில் வைத்து நெய்ச்சோறு ஊட்டினால், காலுக்கும் அலகுக்கும் வேலையாகக் கிடைப்பது படுக்கை ஒன்றுதான். ஏவல் வைத்தவன் நானேதான் மன்னா என்று அவர் கூண்டுக்குள்ளிருந்தே அழுதார். நமக்கு நெஞ்சு கலங்கியது. உடனே சிரிப்பும் வந்தது, அதற்கு வெட்கப்பட்டோம்.

இனி நடந்ததை நாச்சியார் ஊன்றிக் கேட்கவேண்டும். கதவைத் திறந்தால் விருந்தின் கால் மண்ணில் படும். அது நம் முறைப்படி அவமதிப்பு. அவமதிப்பு நேர்ந்தால் பிணையாளர் வெளியேற வேண்டும். இதை விழுப்பரையரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை, உடன்படிக்கையில் அந்த வரியை எழுதியவரே அவர்தான். திறக்காவிட்டால் பேடை சாகும். அவர் முதலில் தலைப்பாகையைக் கழற்றினார். அதில் பேடையைப் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டு, தாழை நீக்கச் சொல்லி வெளியே வந்தார். மற்றக் கோழிகள் அவர் காலிடுக்கில் புகுந்து ஓடி, சமையற்கட்டின் பின்னேயுள்ள குப்பைமேட்டில் ஏறி, இரண்டு கால்களாலும் வாரி இறைத்தன. அந்தப் புழுதியில் கங்கணராயரின் மீசையே நிறம் மாறிற்று. அமைச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பேடையின் வாயில் நல்லெண்ணெய் விட்டு, இரைப்பையை விரல் நுனியால் பையப் பைய நீவிக்கொடுத்தார். இளக இளக மேலும் நீவினார். பொழுது சாயும்வரை அவர் எழவில்லை, தண்ணீர் கேட்கவுமில்லை. மறுநாள் பேடை கண் திறந்து, கழிந்து, தள்ளாடி நடந்து போய், முதல் வேலையாக ஒரு மணற்கல்லைக் கொத்தி விழுங்கியது. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்று நாம் சொல்லக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது கோழிகள் பகலெல்லாம் கொல்லையில் மேய்கின்றன. கட்டித் தொங்கவிட்ட கீரைக்குத் தாவுகின்றன. கூண்டுக்குள் ஆற்றுமணலும் காய்ந்த வேப்பஞ்சருகும் பரப்பியிருக்கிறோம். இரவில் அதன்மேல் படுக்கின்றன, ஒன்றும் அதைத் தின்னவில்லை. முரசுத்தோலையும் நனைத்து வைத்துவிட்டோம்.

ஆனால் விழுப்பரையர் மீண்டும் தலைப்பாகை கட்ட மறுத்துவிட்டார். அவையில் நின்று தாம் எழுதிய வரியைத் தாமே உரக்கப் படித்தார். விருந்தின் கால் மண்ணில் பட்டது உண்மை, பிணை நின்றவன் போவதே முறை என்றார். நாம் ஆணையிட்டுப் பார்த்தோம். இது மன்னரின் ஆணைக்குள் அடங்காது, மன்னிப்பவர் கருமலையில் இருக்கிறார் என்று நமக்கே சட்டம் சொன்னார். நாச்சியாரே, நம் தந்தை மறைந்த அன்று நம்மைக் கைப்பிடித்து அரியணைக்கு ஏற்றியவர் அவர். அவர் இல்லாத அவையில் அமர நமக்குப் பிடிக்கவில்லை. இதை அரச மொழியில் எழுதும் வகை தெரியாமல் உள்ளபடியே எழுதுகிறோம்.

தங்கள் கோழி சாகாமல் இருக்கத் தம் நாட்டையே விட்டவர்க்கு என்ன செய்வதென்பது தங்கள் கையில் உள்ளது. மன்னித்தால் இவ்வோலையின் புறத்தில் ஒரு வரி எழுதி அவரைத் திருப்பி அனுப்புக. நம் பக்கம், விருந்தின் காலை மண்ணிலிருந்து காக்கும் முறை இன்றோடு நீங்கியது என்று நாடெங்கும் பறையறைவிக்க ஆணையிட்டுள்ளோம்.

கோட்டேரி உள்ளளவும் நம் சொல் நிற்பதாக. இவ்வோலை நம் அவையில் படித்துக் கேட்கப்பெற்று, ஏர் முத்திரை இடப்பெற்றது. கொண்டு வருபவர், வெறுந்தலையோடு தங்கள் வாயிலில் நிற்கும் விழுப்பரையர்.

தங்கட்கு மனம் இரங்காதாயின் அவரை அங்கேயே வைத்துக்கொள்க, குறை சொல்லோம், போரும் தொடுக்கோம். ஆனால் விருந்தினராக மட்டும் வைக்க வேண்டா. காலாற நடக்க ஒரு கொல்லையும், கைக்கு ஏதேனும் ஒரு வேலையும் கொடுத்து வைக்க.