தோள் மண்ணில் பட்ட பிறகு

என் அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

போன கிழமை நீ இறந்த ஆண்டுப் பூசை. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனேன். உன் மனைவி, என் தங்கை ரோசம்மா, தேறிவிட்டாள். என்னோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

சண்டை உன்னைப் பற்றித்தான். குஸ்திக் கோதாவில் உன் படத்தை மாட்டப் போகிறார்கள். அதன் கீழே ‘ஜப்பான்காரனை வென்ற வீரர்’ என்று எழுதச் சொன்னேன். அவள் விடவில்லை.

“தோத்தனான் எண்டு அவரே சொன்னவர். செத்த மனுசனைப் பொய்காரன் ஆக்காதேங்கோ, அண்ணை.”

நீ அப்படிச் சொன்னதை நான் அன்றும் ஏற்கவில்லை. எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். துறைமுகத்தில் நின்ற ஜப்பான் கப்பலில் ஜூடோ பழகிய மாலுமி ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, நீதான் அவனைக் கோதாவுக்கு அழைத்தாய். நாங்கள் கச்சையோடு வெற்றுடம்பில் பிடிக்கிறவர்கள். அவர்கள் தடித்த சட்டையின் காலரையும் கையையும் பிடிக்கிறவர்கள். சட்டை போடுவதா இல்லையா என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சைகையால் வாதாடினோம். கடைசியில் நீ சாக்குத் துணிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டாய்.

“மூட்டை எண்டு நினைச்சு உன்னையும் கப்பலில ஏத்திப்போடுவாங்கள்” என்றேன்.

“ஏத்தட்டும், ஜப்பானைப் பார்த்திட்டு வாறன்” என்றாய்.

எது தோல்வி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இரண்டு தோளும் மண்ணில் பட்டால் முடிந்தது. வேறு எப்படி முடியும் என்று நினைத்தோம்.

இருவரும் தரையில் உருண்டீர்கள். நீ அவனைப் புரட்டி இரண்டு தோளையும் மண்ணில் அழுத்தினாய். சனம் கத்தியது. வழக்கப்படி உடனே பிடியை விட்டு, அவனைத் தூக்கிவிடக் குனிந்தாய். அவன் மல்லாந்து கிடந்தபடியே உன் காலரைக் குறுக்காகப் பிடித்து இறுக்கினான். நீ மயங்கினாய்.

அவனே பதறி எழுந்து உன் கழுத்தைத் தேய்த்துவிட்டான். உள்ளங்கையால் நிலத்தில் தட்டிக் காட்டினான்: இப்படித் தட்டியிருந்தால் விட்டிருப்பேன் என்று. நீ கண் விழித்துச் சிரித்தாய்.

“நான் மயங்கினனான், அவன் மயங்கேல்லை. பிறகென்ன கதை, மச்சான்?”

பிறகு துறைமுகத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அன்றும் நீ, “அந்தப் பெடியன் உயிரோட இருப்பானோ?” என்று கேட்டாய். உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன், நினைவிருக்கிறதா?

இப்போது கோதாவின் செயலாளர் புதுக்கதை சொல்கிறார். ஜப்பான்காரருடைய ஜூடோ வித்தை எங்களிடமிருந்துதான் போனதாம். இடுப்பில் ஏற்றி வீசுவதும் காலை வாருவதும் இரண்டிலும் ஒன்றுதானாம். இரண்டு கையும் இரண்டு காலும் உள்ளவன் எங்கே இருந்தாலும் அதைக் கண்டுபிடிப்பான் என்றேன் நான். எங்களிடம் படித்திருந்தால், பிடியை எங்கே விடுவது என்பதையல்லவா முதலில் படித்திருப்பார்கள்? நாங்கள் தோளைப் பார்த்து விடுகிறோம். அவர்கள் தட்டும் கையைப் பார்த்து விடுகிறார்கள்.

“அண்ணைக்கு எங்கட குஸ்தியில மதிப்பில்லையோ?” என்றார்.

“மதிப்பிருக்கிறபடியால்தான் இரவல் பெருமை வேண்டாம் எண்டுறன்” என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு வந்த எனக்கு, ‘வென்ற வீரர்’ என்பதை எழுதக் கை வரவில்லை. ‘தோற்றவர்’ என்று எழுத நான் விடவும் மாட்டேன். ரோசம்மாவிடம் வேறொரு வரியைக் காட்டினேன்: ‘எதிரியின் தோள் பட்டதும் பிடியை விட்டவர்.’

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். “இதில பொய்யில்லை” என்றாள். பிறகுதான் தேத்தண்ணி தந்தாள்.

படத்தின் கீழே அந்த வரியை எழுதுகிறவர் நாளைக்கு வருகிறார். பக்கத்தில் நிற்பேன். இனி அந்தக் கோதாவுக்கு எந்த ஊர்க்காரன் பிடிக்க வந்தாலும், சட்டையைப் பற்றிக் கதைக்க முன், எங்கே விடுவது என்று கேட்க வைப்பேன். இது உனக்கு என் வாக்கு.

நீ தோற்றாய் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளாத,
உன் ரோசம்மாவின் தமையன்,
சந்தியாகு