ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை

ஆகஸ்ட் 5, 2025 – செவ்வாய்

இவர் ஒருவழியாகப் பதினோரு கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டார். மகள் தமிழரசி பிறந்தபோது வாங்கிய வீடியோ கேமரா, இத்தனை வருஷம் பீரோ மேல் தூசு படிந்து கிடந்தது. பக்கத்து பிளாக் மோசஸிடம் ஏதோ ஒயரை இரவல் வாங்கி வந்து, பத்து நாளாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் காதில் விழாது. விழுந்தாலும் "ம்ம்" தான்.

எல்லாம் மகளுக்காக. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வரும்போது, தான் குழந்தையாக இருந்ததையெல்லாம் டிவியில் பார்க்க வேண்டுமாம். ஏழாம் மாசத்து ஆசை. மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

ஆகஸ்ட் 6

கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒயர் போட்டார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. வந்த படமும் நடுவில் சதுரமாக, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு.

"நாப்பத்திமூணு இன்ச் வாங்கினது கறுப்பைப் பாக்கறதுக்கா?"

"அந்தக் காலத்துப் படம் அப்டித்தான் ஜோதி. பெருசாக்கினா தலையை வெட்டும்."

"வெட்டினா வெட்டட்டும். எனக்கு டிவி ரொம்பணும்."

ரிமோட்டைப் பிடுங்கி நானே ஜூமில் போட்டேன். ரொம்பியது. மகாபலிபுரம் கடற்கரையில் தமிழரசி தத்தித் தத்தி நடக்கிறாள். அலை காலில் பட்டதும் திரும்பிப் பார்த்து ஒரு முறைப்பு. அப்படியே என் முறைப்பு. பின்னால் கடற்கரைக் கோயிலுக்கு மேல்பாதியைக் காணோம். கோயில் எங்கே ஓடிவிடப் போகிறது, வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தம் எங்கே என்றால், "பழைய கேசட்டு, அழிஞ்சிருக்கும்" என்கிறார். கல்பாக்கத்தில் முப்பது வருஷமாக மீட்டரும் கருவியும் பழுது பார்க்கிற மனுஷன்! ஒரு டிவியைப் பேசவைக்கத் தெரியவில்லை. இதை மோசஸ் வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 8

தமிழரசி போன் செய்தாள். "அத்தையை நேர்ல போய்க் கூப்பிடும்மா. வாட்ஸப்ல அனுப்பிட்டு அழைச்சிட்டேன்னு சொல்லாத."

அத்தை என்றால் என் அண்ணன் கண்ணாயிரத்தின் மனைவி, அமிர்தவல்லி அண்ணி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமம்.

இவளுக்கு என்ன தெரியும்? இவள் காதுகுத்துக்கு அண்ணி வரவில்லை. 2002 மே மாசம், குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். "அவ பின்னால பஸ்ல வரா" என்றார். வரவேயில்லை. பாதி வழியில் தலைவலி, திரும்பிவிட்டேன் என்று அண்ணி சொன்னார்களாம். இருப்பது ஒரே நாத்தனார், அவளுக்கும் ஒரே பிள்ளை. அதற்கும் தலைவலியா?

அன்றிலிருந்து "வாங்க", "சாப்ட்டீங்களா", அவ்வளவுதான். தமிழரசி கல்யாணத்துக்குக்கூட மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நானா இறங்கிப் போக வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காதுகுத்து கேசட்டைப் போட்டேன். சத்தம் இல்லாமல்தான். அண்ணன் மடியில் தமிழரசி வாயைப் பிளந்து அழுகிறாள், சத்தமில்லாத அழுகை. எனக்குச் சிரிப்பு.

அப்போது ஓரத்தில், மண்டபத் தூண் பக்கம் ஒரு பச்சைப் புடவை. தலை இல்லை. கையில் தட்டு, தட்டில் சிவப்புப் பட்டுப்பாவாடை. கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகு தட்டைத் தூணை ஒட்டிய மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

அந்தப் பாவாடை எனக்குத் தெரியும். அண்ணன் எடுத்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "நல்லா கீதுண்ணா பாவாடை" என்று சொன்னேனே, அவரும் தலையாட்டினாரே. எதற்குத்தான் அவர் தலையாட்டவில்லை?

"ஏங்க, இது யாரு? தலை தெரியல."

இவர் துணி எடுக்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நானே ஜூமை எடுத்தேன். ரெண்டு பக்கமும் கறுப்பு வந்தது. தூண் பக்கத்தில் தலையும் வந்தது.

அண்ணி.

ஆகஸ்ட் 11

வந்திருக்கிறார்கள். வந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை? ஏன் போனார்கள்?

ஆகஸ்ட் 13

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் தமிழரசியிடம் டிவியில் சத்தம் வராததைப் புலம்பினேன். "கம்ப்யூட்டர்ல கீழ ஸ்பீக்கர் மாதிரி ஒரு படம் இருக்கும்மா. அதை அழுத்தி டிவி பேரைத் தொடு, அவ்ளோதான்" என்றாள். இவர் பால் வாங்கப் போயிருந்தார். அழுத்தினேன், தொட்டேன். வந்துவிட்டது. குழந்தை அழுகை, யாரோ பாத்திரம் உருட்டுவது, எல்லாம்.

கேமராவுக்குப் பக்கத்திலேயே என் குரல்.

"அவ வராததே நல்லதுங்க. புள்ள இல்லாதவ. கொழந்தைக்குக் கண்ணு பட்டுடும்."

இவர் குரல்: "ம்ம்."

படத்தில் தூண் பக்கம், பேசினால் காதில் விழுகிற தூரத்தில் அண்ணி. எங்கள் கண்ணெல்லாம் குழந்தை மேல் இருந்திருக்கும். அந்த நிமிஷம்தான் வந்து நிற்கிறார்கள். தட்டைப் பிடித்திருக்கிற கை. அப்புறம் தட்டை வைத்துவிட்டு—

மூணு தடவ போட்டுப் பாத்தேன். வேற யார் குரலாவது இருக்கக்கூடாதா? என் குரல்தான். நான் சொன்னதே எனக்கு ஞாபகமில்ல. கேட்டவங்க மறந்திருப்பாங்களா? பாவி, என்ன வாய்டீ ஒனக்கு. அவங்களுக்கு அப்ப கல்யாணமாகி ஆறு வருசம். இன்னும் ஒண்ணும் இல்லையான்னு ஊரே கேட்டுக்கினு இருந்துச்சு. நானும் கேட்டேன்.

இவர் பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றார்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"ஹெட்போன்ல கேட்டேன். நீ தாங்க மாட்டேன்னுதான்..."

அப்படியானால் சத்தம் அழியவில்லை. ஒரு வாரமாகக் கையாலாகாதவர் என்று பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"அன்னைக்கு ம்ம்னு சொன்னீங்களே, அப்டிப் பேசாதடின்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பால் அப்படியே கிடந்தது.

சாயங்காலம் மெதுவாக, "அந்தத் துண்டை மட்டும் அழிச்சிடட்டுமா? யாருக்கும் தெரியாது" என்றார்.

அண்ணிக்குத் தெரியுமே. வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். இவரும் வருகிறேன் என்றார். வேண்டாம், வாய் என்னுடையது என்று தனியாகப் போனேன்.

அண்ணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க" என்றார்கள். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டாமல் கீழே வைத்தேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டிவி, ஜூம், தலை, சத்தம். சொல்லச் சொல்ல அழுகை.

அண்ணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"இருவத்திமூணு வருசம். டிவில வந்துதான் ஒனக்குத் தெரியணுமா ஜோதி?"

ஒருமை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு.

"மன்னிச்சிடுங்கண்ணி."

"அன்னிக்கி வூடு வர்ற வரைக்கும் பஸ்ல அழுதுகினே வந்தேன். கண்டக்டரு இன்னாம்மா, யாருனா செத்துட்டாங்களான்னு கேக்கறாரு." இன்னொரு கடலையை உரித்துப் போட்டுவிட்டு, "பாவாடை அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"நாலு வயசு வரைக்கும் அதைத்தான் போடுவேன்னு அடம் பிடிப்பா அண்ணி. முட்டிக்கு மேல ஏறிடும், அப்பவும் கழட்ட மாட்டா."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தட்டை எடுத்து நீட்டினேன். "வேப்பங்காப்பு நீங்கதான் போடணும். மொத காப்பு."

"வோணாம் ஜோதி. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? நான் ஓரமா நின்னுக்கறேன்."

"பாக்கறவங்கன்னா யாரு அண்ணி? அன்னைக்கு நான்தான பாத்தேன்."

அண்ணி தட்டை வாங்கிக்கொண்டார்கள். காப்பி கொடுத்தார்கள், ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்தார்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28

நாளைக்கு வளைகாப்பு. மனசு கேட்காமல் அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஏதோ பழைய பச்சப் பொடவைய எடுத்து இஸ்திரி போட்டுகினு கீறா" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

செங்கல்பட்டு மண்டபத்துக்கு எனக்கு முன்னால் அண்ணி வந்துவிட்டார்கள். அதே பச்சை. ஆனால் கடைசி வரிசை, தூண் பக்கம்.

போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இவருடைய அக்கா துர்காதேவி என் முழங்கையைக் கிள்ளினார். "மொதக் காப்பாடி? நல்ல நாள் அதுவுமா..." வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து இவர், "அக்கா, அவங்கதான் போடறாங்க. அவங்கதான் போடணும்" என்றார். முழு வாக்கியம், அதிலும் ரெண்டு! துர்காதேவி அக்கா அசந்துபோய் நகர்ந்துகொண்டார்.

அண்ணி காப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தமிழரசி கையை நீட்டி, "போடுங்க அத்தை, எவ்ளோ நேரம்" என்றாள். போட்டார்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

சாயங்காலம் அணுபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால். கடற்கரை முடிந்தது. அண்ணி, "அந்தக் காதுகுத்தப் போடு" என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வருவது வரட்டும் என்று போட்டார். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் எல்லாருக்கும் தலை.

"அத்தை, நீங்களா அது! எவ்ளோ ஒல்லி!" என்றாள் தமிழரசி.

"ரிமோட்ட இப்டிக் குடு" என்று அண்ணி வாங்கிச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார்கள். "கொழந்த அழுறது காதால கேக்க முடியல. மூஞ்சியப் பாத்தா போதும்."

என் பக்கம் திரும்பவேயில்லை. வேர்க்கடலைக் கிண்ணத்தை மட்டும் என் மடிப் பக்கம் நகர்த்தினார்கள். ராத்திரி டிவியை அணைக்கும்வரை ரிமோட் அண்ணி கையில்தான் இருந்தது.