புதன்கிழமை இருமல்

அத்தானுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் கழிந்ததிலிருந்து, சமூகப்பணி படிக்கும் நிவேதா புதன்தோறும் போனில் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். தூக்கமில்லை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்; நீங்கள் போனதைச் சொல்லவில்லை.

வீட்டில் இன்னொருவரிடமும் விசாரிப்பது அவர்கள் முறை.

"பின்னால இருமுதது அங்கிளா? போனைக் குடுங்க ஆன்ட்டி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போனை உங்கள் நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பத்து நிமிடம் பேசினாள். திரும்ப எடுத்ததும் அதட்டினாள்.

"தூக்க மாத்திரைய அரிசி டிரம்முக்குள்ள சேத்து வைக்கியளாமே! அங்கிள் அழுதாவ."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை அவ்வளவையும் அன்றே எதிர்வீட்டு மாரிச்செல்வியிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தப் புதன், "அங்கிள் சத்தத்தையே காணும்?" என்றாள்.

திரும்பவும் ஒளித்து வைத்தால் வருவீர்களோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

இப்படிக்கு,
இலஞ்சியில் இன்னும் இருப்பவள்