நம்ம ஊரில் பர்விஸுக்கு விழுந்த நாலு ஓட்டு

அன்பு மகள் கார்லாவுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், ஆக்லாந்தில் நீயும் வெயிலும் வேலையுமாகச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருவரும் சுகம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேனே தவிர, அப்பாவைப் பற்றி அதை அப்படியே எழுத மனம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது. அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் குளிரில் டிராக்டருக்கு உதிரிபாகம் தேடி யார் வரப்போகிறார்கள், வருகிறவனும் அடுப்புப் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறான். எனக்கும் அலுப்பாக இருக்கிறது கண்ணு. முட்டி வலி ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

உனக்குத்தான் தெரியுமே, மாடுகளை விற்ற நாளிலிருந்து அப்பா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார், ஆனால் விடிந்ததும் பால் கறக்கப் போக வேண்டியதில்லை என்றான பிறகு அந்த மனிதருக்கு எழுந்திருக்கவே ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது. சவரம்கூட ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்காக மட்டும்தான். கடைக்கு வாங்களேன், ஒத்தாசையாக இருக்கும் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "உன் கடையில நான் பொம்மை மாதிரி நிக்கணுமா மார்லிஸ்" என்று கேட்டுவிட்டார், அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் இலையுதிர் காலத்தில் அந்தக் கிளேட்டன் பர்விஸ் வந்து சேர்ந்தார். கான்சாஸ் மாநில சட்டசபையில் எப்போதோ உறுப்பினராக இருந்தவர், இப்போது ஜனாதிபதியாகப் போகிறேன் என்று ஒரு பழைய வேனை எடுத்துக்கொண்டு அயோவா முழுவதும் சுற்றினார். நம் கட்சிக்காரர்கள் எல்லாரும் பழமைவாதிகள் என்றால் இவர் பழமைவாதிகளுக்கே பழமைவாதி. சர்க்கார் வருகிற வரியைத் தாண்டி ஒரு டாலர் செலவழிக்கக் கூடாது, வாஷிங்டனில் பாதி இலாகாவைப் பூட்டிச் சாவியை மாநிலங்களிடம் கொடுத்துவிட வேண்டும், இப்படி. டிவி விவாதத்தில் இவரை மேடையேற்றவே இல்லை. கருத்துக் கணிப்புகளில் இவர் பெயருக்கு நேரே ஒரு கோடுதான் இருக்கும். உணவகத்தின் பின்னறையில் பேச வந்த அன்று ஒரு மேசை நிரம்பக்கூட ஆள் இல்லை, அதில் ஒருவர் உன் அப்பா, அதுவும் சூப்புக்காகப் போனவர். ஆனால் பேசி முடித்ததும் பர்விஸ் தானே நாற்காலிகளை மடக்கி அடுக்கினாராம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக் கேட்கப் போக மாட்டேன், அது ஆண்டவருடைய நாள், ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை என்றாராம். அப்பா அங்கேயே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்து நிறுத்தி, "மோட்டலுக்குக் குடுக்க அவர்கிட்ட பணம் இல்ல, கார்லா ரூம் சும்மாத்தானே கிடக்கு" என்றார்.

ஆக, உன் அறையில் ஒரு ஜனாதிபதி வேட்பாளர் போன திங்கள்வரை குடியிருந்தார். பயப்படாதே, உன் சாமான்கள் எதையும் தொடவில்லை. சட்டையைத் தானே துவைத்துக் குளியலறைக் கம்பியில் போடுவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜனாதிபதி ஆக மாட்டார் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வந்த மறுநாளே அப்பா சவரம் செய்துகொண்டு, பழைய கம்பளிக் கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, இந்த வட்டாரத்தில் பர்விஸுக்கு நான்தான் பொறுப்பு என்று கிளம்பிவிட்டார். ஞாயிறு தவிர தினமும் இருவரும் பண்ணை பண்ணையாகப் போனார்கள். பர்விஸ் பெயர் எழுதிய பலகையை நடத் தரை கல்லாக உறைந்து கிடக்கிறது என்று கல் துளைக்கிற டிரில்லை வைத்து ஓட்டை போட்டு நட்டார்கள். உன் அப்பா விசில் அடித்தார் கார்லா, நான் அதைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கணக்குச் சொல்வார். டைக்ஸ்ட்ரா வீட்டில் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்து உட்கார வைத்தார்கள், அவர்கள் ஓட்டு நமக்குத்தான். ஹெஸ்டர் இரண்டாம் முறை காபி ஊற்றினாள், அவளும் நமக்குத்தான். பலகையை முற்றத்தில் நடலாமா என்று கேட்டதற்குத் தாராளமாக என்றார்கள், அது நிச்சயம். நானோ இந்த ஊர்க்காரர்களிடம் முப்பது வருடமாக டிராக்டரும் உதிரிபாகமும் விற்கிறவள். டயரை உதைத்துப் பார்த்துவிட்டு நல்ல வண்டி என்று புகழ்கிறவன் வாங்க மாட்டான், பேசாமல் குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறவன்தான் வாங்குவான். வாசலுக்கு வந்தவரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதற்கு நம் ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது. ஆப்பிள் பை கொடுப்பார்கள், பலகை நட இடம் கொடுப்பார்கள், போகும்போது வழிக்கு ஒரு பொட்டலமும் கொடுப்பார்கள், ஓட்டை மட்டும் தாங்கள் முதலிலேயே நினைத்து வைத்த ஆளுக்குப் போடுவார்கள். இதே ஊரில் பிறந்த உன் அப்பாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தச் சமயம் தெரிந்துகொள்ள அவருக்கு இஷ்டம் இல்லை. ஒருநாள் நானே சொல்லிப் பார்த்தேன். "நீ எல்லாரையும் கடைக்கு வர்ற ஆளாவே பாக்கறே" என்றார். சரி, விசில் அடிக்கிறவரை அடிக்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு பர்விஸ் தோற்பது பற்றிக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்தில் நடக்கிற கட்சிக் கூட்டத்தில் ஊர் முன்னால் ஒற்றை ஓட்டு வாங்கி அவமானப்பட்டு இந்த மனிதர் மறுபடி அந்த நாற்காலிக்கே போய்விடுவாரோ என்பதுதான் கவலை.

போன திங்கட்கிழமை கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் அந்த ஊர்க்கூட்டம். அன்று காலையில் பர்விஸ் கையில் துணிப்பையோடு கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தது. விலகிவிட்டாராம். முன்னணியில் இருக்கிற அந்தப் பெரிய ஆளுக்கு ஆதரவு தருவதாக ஒப்புக்கொண்டாராம், சாயங்காலம் தலைநகர் டெ மாய்னில் மேடையில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். "கையில பெட்ரோலுக்குக்கூட காசு இல்லம்மா, கான்சாஸ்ல என் வீட்டுக்காரி தனியா கிடக்கா, என்னால இனிமே முடியல" என்றார். அதெல்லாம் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தாற்போல் அப்பா பெயரைச் சொல்லி, "வெர்லின்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்" என்றார் பார். எனக்கு வந்த கோபத்துக்கு, "இத்தனை நாளா எங்க ஊரு ஆப்பிள் பையத் தின்னு எங்க ஊரு வியாதியும் உங்களுக்கு ஒட்டிக்கிச்சா? கூட்டிக்கிட்டுப் போனது நீங்க, சொல்ல வேண்டியதும் நீங்க. கடைக்குப் பின்னால கொட்டகையில இருக்காரு, போங்க" என்று சொல்லிவிட்டேன். போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, அதிகம் பேசியிருக்க மாட்டார்கள். அப்புறம் பர்விஸின் வேன் குளிரில் கிளம்பவில்லை. உன் அப்பா நம் பிக்கப்பைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி, பேட்டரிக்குப் பேட்டரி ஒயர் கொடுத்து, தம்மை விட்டுவிட்டுப் போகிறவரின் வண்டியைத் தாமே கிளப்பி அனுப்பி வைத்தார்.

இன்றைக்குப் போக வேண்டாம், சூப் வைக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. ஜெபம் முடிந்து, கொடி வணக்கம் முடிந்து, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து பேசுவது வழக்கமாயிற்றே, ஆர்லின் டைக்ஸ்ட்ராதான் தலைவர். பர்விஸ் பெயர் வந்ததும், "அவரு விலகிட்டாருன்னு ரேடியோவில சொன்னாங்க, அடுத்த பேருக்குப் போயிடலாம்" என்றார். அப்பா எழுந்துவிட்டார். "பேசறேன்னு சொன்னேன் ஆர்லின், பேசிட்டு உக்காந்துக்கறேன்" என்றார். அவர் எழுதி வைத்திருந்ததை எடுக்கவே இல்லை. "பர்விஸ் நல்ல மனுஷர், இப்ப போட்டியில இல்ல, அதனால நான் ஓட்டுக் கேக்க வரல. உங்க எல்லார் சமையலறையிலும் நாங்க உக்காந்தோம், வயிறாரப் போட்டீங்க. ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் வேற ஊருக்காவது போயிருப்பாரு, நானும் கணக்குப் போடாம இருந்திருப்பேன். அவ்வளவுதான்" என்றார். பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி, வேறு யாரும் சிரிக்காததால் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். ஹெஸ்டர் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் பாப்கார்ன் வாளியில் போட்டோம். எண்ணி அறிவித்தபோது, போட்டியிலேயே இல்லாத பர்விஸுக்கு நாலு. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று என்னுடையது. சாலையில் போய்விட்ட வண்டிக்குக் காசு கொடுக்கிறவனைப் பார்த்தால் நானே முட்டாள் என்பேன், ஆனாலும் எழுதினேன். மற்ற இரண்டு யாரென்று தெரியாது. திரும்பி வரும்போது வண்டியில் அப்பா அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். "உன்னுது இல்ல, நீ கணக்குப் பாக்கறவ" என்று அவரே முடிவும் செய்துகொண்டார். நானும் திருத்தவில்லை. பரிதாபப்பட்டுப் போட்டாள் என்று நினைப்பதைவிட அதுவே மேல் என்று தோன்றியது.

நான் பயந்தது நடந்துவிட்டது கண்ணு. மறுநாளிலிருந்து மறுபடி அந்த நாற்காலிதான், இந்தத் தடவை டிவியைக்கூடப் போடவில்லை. ஊர்க்காரர்களோ துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி ஆளுக்கொரு பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கும் சீஸும் சுட்ட கேசரோல், எங்கள் குளிர்பெட்டியில் இடமே இல்லை. ஹெஸ்டர் வந்து, "என்னமா பேசினீங்க வெர்லின், அப்படியே மனச தொட்டுருச்சு" என்றாள். அவர் நன்றி என்று சொல்லிவிட்டு, அவள் போனதும் அந்தப் பாத்திரத்தை என்னிடம் நீட்டி, "பாத்தியா, இன்னும் அதையேதான் பண்றாங்க" என்றார். பெயர்ப்பலகைகள் வேறு முற்றம் முற்றமாக உறைந்து நிற்கின்றன, மார்ச்சில் தரை இளகும்வரை பிடுங்க முடியாது, ஜன்னல் வழியே பார்த்தாலே பர்விஸ் என்று தெரிகிறது. நான் என்ன சொன்னாலும் சரி மார்லிஸ், ஆகட்டும் மார்லிஸ் என்கிறார். சண்டைக்குக்கூட வரவில்லை.

நேற்றுத்தான் சாப்பிடும்போது அவராகவே வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினார். "கார்லா இங்க இருந்திருந்தா மொத நாளே அந்தாளுகிட்ட உங்க திட்டம் தேறாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பா" என்றார். சொல்லும்போது அவர் உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உனக்கும் அப்பாவுக்கும் அரசியலில் என்றைக்கும் ஒத்துப் போனதில்லை, அவர் மனசு நோகுமென்று இந்தத் தேர்தல் முழுவதும் நீ போனில் வானிலையும் சமையலுமாகப் பேசி வைத்துவிட்டாய், எனக்குத் தெரியும். நல்ல எண்ணம்தான். ஆனால் அதையேதான் இந்த ஊர் முழுக்கச் செய்தது. நீ செய்யாதே. போன் பண்ணி, பாதி இலாகாவைப் பூட்டினால் பள்ளிக்கூடங்களுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேள். பர்விஸ் சொன்ன வரிக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல். நான் கேட்டால் ஆகட்டும் மார்லிஸ் என்பார், நீ கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வார். பரிதாபம் மட்டும் படாதே, ஆறுதலும் சொல்லாதே, அந்தச் சரக்கு எங்கள் வீட்டில் குளிர்பெட்டி நிறைய இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ஷிப்ட்டில் வெறும் வயிற்றோடு நிற்காதே, சம்பளம் வந்ததும் வாடகையைக் கொடுத்துவிட்டு மற்றதைச் செலவழி. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. மறக்காமல் நம் ஞாயிறு மத்தியானம் கூப்பிடு, உனக்கு அப்போது திங்கள் காலை. சர்ச்சுக்குப் போய் வந்து சவரம் செய்த முகத்தோடு இருப்பார். போனை நான் எடுக்க மாட்டேன், அவர் எழுந்து வந்து எடுக்கும்வரை மணி அடிக்கட்டும், நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு, உன் நலம் நாடும்
அம்மா
மார்லிஸ் ரோஸ்பூம்